இரண்டாம் டிஷ்ஷும் பத்து மணி வெயிலும்

கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் மூன்றாம் முறை எழுதி டிப்ளமோவை முடித்தாள். பகலெல்லாம் நகலெடுக்கும் கடையில் நின்றபடி வேலை, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வகுப்பு. நாலு வருஷத்தில் அவள் வகுப்புக்குப் போகாத நாட்கள் ஏழு, அதில் ஐந்து அம்மை போட்டுப் படுத்திருந்தவை. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய இடது கைச் சுண்டுவிரல் இன்றுவரை மடங்காது. அந்தக் கையோடுதான் வேலைக்கான பன்னிரண்டு மீட்டர் ஏணி ஏறும் சோதனைக்குப் போனாள். அன்று ஏறியவர்கள் ஒன்பது பேர், தேறியவர்கள் நாலு பேர், பெண் அவள் ஒருத்தி. "பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை இருக்கு, ஆபீஸ்ல டைப் அடிக்க ஆள் வேணுமான்னு கேட்டுப் பாரு" என்று வாசலோடு திருப்பி அனுப்பிய அதே கேபிள் டிவி நிலையம், பதினான்கு மாதம் கழித்துத் தானே ஆளனுப்பிக் கூப்பிட்டது. சேர்ந்த மூன்றாம் வருஷம் தன் காலுக்கென்று நாலாம் நம்பர் பூட்ஸ் வாங்க வைத்தாள். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஏழாம் நம்பர் பூட்ஸில் துணி அடைத்துக்கொண்டு ஏணி ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இவ்வளவையும் ஜெயித்தவளுக்கு ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. பழுது ரெஜிஸ்டரில் கையெழுத்து.

வீட்டில் அவளுக்குத் துறுதுறு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரை அம்மாகூட மறந்திருப்பாள். ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் மூன்றாம் நிமிஷம் கால் ஆடும், நாலாம் நிமிஷம் எழுந்துவிடுவாள். அவளுக்கு நேர் எதிர் அவளுடைய அக்கா, தையல்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள் இருபத்திரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்று கேலி பேசுவார்கள். அளவு எடுத்தால் கால் அங்குலம் பிசகாது.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு, அப்பாவிடமிருந்து வந்தது. அந்த வீட்டில் உடைந்ததை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், கம்பியால் சுற்றிக் கட்டுவார்கள். நாற்காலிக் கால், குடைப்பிடி, வாளியின் கைப்பிடி, மெஷினின் மிதிகட்டை எல்லாவற்றிலும் கம்பி. பதிமூன்று சுற்று, இடைவெளி இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில். நுனியை உள்ளே மடக்கிவிட வேண்டும், கையைக் கிழிக்கக் கூடாது. அப்பா போன பிறகும் கட்டு மாறவில்லை. வாங்கிய பொருளைவிடக் கட்டிய பொருள் அதிக நாள் வரும் என்பது வீட்டு நம்பிக்கை.

துறுதுறு வேலை பார்த்த நிலையம் ஊர் எல்லையில் ஒரு மேட்டில் இருந்தது. கம்பி வேலி போட்ட வளாகம், அதற்குள் நாலு பெரிய டிஷ், ஒரு நீளமான கட்டடம். வானத்திலிருந்து வரும் சேனல்களை டிஷ் பிடித்துக் கொடுக்கும், கட்டடத்துக்குள் இருக்கும் கருவிகள் அவற்றைப் பிரித்துக் கேபிள் வழியாக ஊர் வீடுகளுக்கு அனுப்பும். அறுநூறு மீட்டர் தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம், சிவப்பும் வெள்ளையுமாக வானொலி டவர் நின்றது.

பழுதைக் கண்டுபிடிப்பதில் துறுதுறுவை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. மழைத்தண்ணீர் புகுந்த கேபிளைக் கையால் தடவியே சொல்வாள். ஆனால் அவளைப்போல ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ரெஜிஸ்டரில் எழுதலாம், கையெழுத்துப் போடக் கூடாது என்று வழக்கம். அவள் கண்டுபிடித்து அவள் கையால் எழுதியதற்குக் கீழே பெரிய சார் கையெழுத்துப் போடுவார். பெரிய சார் என்பது நிலையத் தலைமை இன்ஜினியர். ஆறு வருஷத்தில் அப்படி நூற்று நாற்பத்தெட்டு பழுதுகள். எண்ணிக்கை அக்காவுக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் துறுதுறு முகம் கழுவுவாள்.

"நம்ம தைச்ச சட்டையில எவனோ பேரு வச்ச மாதிரி" என்பாள் அக்கா. அவளுக்கு அதில் தங்கையைவிட ஆத்திரம்.

அந்த வருஷம் மே மாதம் முதல் வாரத்தில் வானொலிக்காரர்கள் தங்கள் ஒலிபரப்பின் சக்தியை இரண்டு மடங்காக்கினார்கள். மே இருபதுக்குள் இரண்டாம் நம்பர் டிஷ்ஷிலிருந்து வரும் சேனல்கள் உடைய ஆரம்பித்தன. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் திடீரென்று கட்டம் கட்டமாகச் சிதறும், வாய் ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் நிற்கும், பிறகு கூடும். ஊரிலிருந்து போன் மேல் போன்.

ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்று ஒரு கருவி உண்டு. எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் வருகிறது என்று திரையில் கோடாகக் காட்டும். அதில் பார்த்தபோது, இரண்டாம் டிஷ்ஷின் சேனல்களுக்கு நடுவே வேண்டாத முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. துறுதுறு கணக்குப் போட்டாள். கணக்கில் இரண்டு முறை தோற்றவள்தான், ஆனாலும் இது சரியாக வந்தது. வானொலி அலைவரிசையின் பதினோராவது மடங்கு.

பெரிய சாருக்கு அது போதும். ஜூன், ஜூலையில் வானொலி நிலையத்துக்கு நாலு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் காரம். கடைசியில் ஜூலை முப்பத்தொன்று, வியாழக்கிழமை, கூட்டுச் சோதனை என்று முடிவாயிற்று.

பிற்பகல் இரண்டு மணிக்கு டவர்க்காரர் வந்தார். வானொலியின் இன்ஜினியரை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒல்லியான மனிதர், அவருடைய மீட்டர் பெட்டி அவரைவிடக் கனமாக இருக்கும்போல. இரண்டு ஐந்துக்குப் போன் செய்து ஒலிபரப்பை நிறுத்தச் சொன்னார். முள் மறைந்தது, படம் தெளிந்தது. இரண்டு பதினைந்துக்குத் திரும்பப் போட்டார்கள். முள் முளைத்தது, செய்தி வாசிக்கும் பெண் சிதறினாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் பெரிய சார்.

"நிறுத்தினா நல்லா வருதுங்கிறத ஒத்துக்கிறேன். ஆனா இந்த முள்ளு எங்க ஏரியல்ல இருந்து கிளம்பல. வந்து அளந்து பாத்துக்கங்க. நடுவுல எங்கயோ பொறக்குது."

"அப்ப எங்க வீட்டுலயா பொறக்குது?"

"எங்க பொறக்குதோ தெரியாது சார். எங்க வீட்டுப் பிள்ளை இல்ல."

பெரிய சார் சிரிக்கவில்லை. டவர்க்காரர் பெட்டியை மூடிக்கொண்டு வாசலில் ஒரு கணம் நின்றார். "ஏற்கனவே எங்க மேலிடத்துல என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க. பாத்து எழுதுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பெரிய சார் துறுதுறுவைக் கூப்பிட்டார். "ரெஜிஸ்டர்ல ரிப்போர்ட் எழுது. காரணம் வானொலி டவர், சக்தியைப் பழையபடி பாதியாக்கணும்னு எழுது. இந்தத் தடவை அளந்த ஆளே கையெழுத்துப் போடணும்னு மேலிடத்துல கேட்டிருக்காங்க. ஆறு வருஷமா நச்சரிச்சியே, போடு. இந்த ரிப்போர்ட் மேல போச்சுன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்."

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"ரெண்டு விஷயம் ஒட்டல சார்."

பெரிய சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பந்தியில உக்கார வச்சா எந்திரிச்சு ஓடுற ஆளு நீ" என்றார். ஆனால் திங்கள் காலை வரை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அக்கா பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். துறுதுறு வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தாள். தட்டில் போட்ட சோறு ஆறிக் கிடந்தது.

"தரை தேஞ்சுடும். உக்காரு" என்றாள் அக்கா.

"அக்கா, டவரே காரணம்னா நாலு டிஷ்ஷும்ல கெடணும். ரெண்டாம் நம்பர் மட்டும் ஏன் கெடுது?"

"எனக்கு என்ன தெரியும். ரெண்டாம் நம்பருக்கு ராசி சரியில்ல."

"மழை பேஞ்சா சரியாயிடுதுக்கா. எழுதி வச்சிருக்கேன் பாரு." இடுப்பிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள். நாற்பத்தொரு நாள் குறிப்பு. மழை பெய்த ஆறு நாளும் கோளாறே இல்லை. மேகமூட்டத்தில் கொஞ்சம். வெயில் நாட்களில் காலையில் பனி காய்ந்த பிறகு, ஒன்பது ஐம்பதுக்கும் பத்து இருபதுக்கும் நடுவே ஆரம்பிக்கிறது. "எங்க ஷிப்ட் அண்ணன் சொல்றாரு, சேட்டிலைட்கூட ஆபீஸ் டைமுக்குத்தான் வருதாம்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இங்க பாரு. ஆறு வருஷம். நூத்து நாப்பத்தெட்டு. இப்ப அவரா பேனாவ நீட்டுறாரு. நீ மழையப் பத்தி ஆராய்ச்சி பண்ற. முதல்ல கையெழுத்தப் போட்டுட்டு வா, அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம்."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா அந்த டவர்க்காரர் பேசட்டும். அவருக்கு வாய் இல்லையா?"

துறுதுறு நோட்டை இடுப்பில் செருகினாள். மறுபடி வாசலுக்கு நடந்தாள். உண்மையில் அவளுக்கும் அந்தக் கையெழுத்தின் மேல் உயிர். வியாழன் இரவும் வெள்ளி இரவும் அவள் புரண்ட புரளலில் பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்கும் தூக்கம் இல்லை.

சனிக்கிழமை பெரிய சாருக்கு விடுமுறை. துறுதுறு ஒரு வாளித் தண்ணீரும் பிளாஸ்டிக் குவளையும் எடுத்துக்கொண்டாள். ஷிப்ட் அண்ணனை அனலைசர் திரை முன்னால் உட்கார வைத்தாள். வளாகத்தில் பன்னிரண்டு வருஷமாகத் திரை பார்க்கிற மனிதர், உட்காரச் சொன்னால் அவரைப்போல உட்கார ஆள் கிடையாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் வெயிலில் இறங்கினாள்.

அவள் எண்ணம் இதுதான். மழை குணமாக்குகிறது என்றால், மழை படுகிற ஏதோ ஒரு இடத்தில்தான் நோய் இருக்கிறது. மொத்த மழையும் தேவையில்லை, குவளைக் குவளையாக ஊற்றினால் போதும். டிஷ்ஷின் கால் போல்டு, தாங்கும் கம்பி, கேபிள் மூட்டு, ஏணியின் கீல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவளை ஊற்றினாள்.

"இப்ப, அண்ணே?"

"முள்ளு அப்படியேதான் இருக்கு. என்னம்மா, டிஷ்ஷுக்கு வெயில் தாங்கலையா, குளிப்பாட்டுற?"

"இப்ப?"

"இருக்கு. தலைக்கும் ஊத்திவிடு, சோப்பு போடலையா?"

"அண்ணே, திரையப் பாருங்க."

"பாக்கறேம்மா, அதுவும் என்னையே பாக்குது."

மூன்று வாளி தீர்ந்தது. இருபத்துமூன்று இடங்கள் முடிந்தன. டிஷ்ஷில் ஒன்றும் பாக்கி இல்லை. அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. டிஷ்ஷிலிருந்து கட்டடத்துக்குப் போகும் கேபிளின் கூடவே நடந்தாள். மற்ற மூன்று டிஷ்களின் கேபிளும் நேராகக் கட்டடத்துக்குப் போகின்றன. இரண்டாம் நம்பர் கேபிள் மட்டும் தெற்கு வேலியை ஒட்டி ஒன்பது மீட்டர் போய்த் திரும்புகிறது. வேலியின் மூலைத் தூணில், குறுக்குக் குழாய் சேரும் இடத்தில், குவளையைக் கவிழ்த்தாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணே?"

"முள்ளு போயிடுச்சு" என்றார் அவர். குரலில் கேலி இல்லை. "படம் கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க ஊத்தின?"

துறுதுறு குனிந்து பார்த்தாள். ஈரத்தில் பளபளத்தது கம்பிக் கட்டு. இடைவெளி இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில், பதிமூன்று சுற்று. நுனி உள்ளே மடங்கியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காற்றில் அந்தக் குழாய் தூணிலிருந்து விட்டுப் போனது. வெல்டிங் ஆள் வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் மாடு புகுந்துவிடும் என்று அவளே கட்டினாள். கட்டு அவ்வளவு உறுதியாக இருந்ததால் வெல்டிங் ஆளை யாரும் பிறகு கூப்பிடவில்லை. இப்போது கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே துரு ஏறியிருந்தது. இரும்பும் இரும்பும் சரியாகத் தொடாமல் நடுவில் துரு உட்கார்ந்தால், அந்த மூட்டு தன்மேல் விழும் பலமான வானொலி அலையை வாங்கிக்கொண்டு, அதையே பல மடங்கு உயர்ந்த அலைவரிசைகளாகத் திருப்பித் துப்பும். பழைய சக்தியில் அது வெளியே தெரியாத அளவுதான். சக்தி இரட்டிப்பானதும் பக்கத்தில் ஓடும் கேபிளுக்குள் நுழைந்துவிட்டது. ஈரம் பட்டால் துருவின் அந்தச் சேட்டை அடங்கும், காய்ந்தால் எழும். இதை அவள் வகுப்பில் ஒரு பாடத்தில் படித்திருந்தாள். தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை.

ஒன்பது நிமிஷத்தில் வெயில் அதைக் காய வைத்தது, முள் வந்தது. ஊற்றினாள், போனது. மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்றாம் முறை செய்ததற்குக் காரணம், வேறு எதுவாவது இருந்துவிடாதா என்ற நப்பாசைதான்.

ஷிப்ட் அண்ணன் வெளியே வந்து கட்டைப் பார்த்தார். யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கட்டு அவர் நாற்காலிக் காலிலும் இருந்தது.

"கட்டர் என் மேஜையில இருக்கு" என்றார். "நான் டீ குடிக்கப் போறேன். எனக்கு டீ குடிக்க இருபது நிமிஷம் ஆகும்."

"அண்ணே."

"நான் ஒண்ணும் சொல்லலையே. கம்பி போச்சுன்னா கோளாறும் போச்சு. திங்கக்கிழமை ரிப்போர்ட் போனா அவங்க சக்தியக் குறைப்பாங்க, நம்ம படமும் நல்லா வரும், எல்லாம் பொருந்திப் போயிடும். நீ கையெழுத்துப் போடுற, நிரந்தரமாகிற. யாருக்கு நட்டம்?"

"அந்த டவர்க்காரருக்கு."

"அவரு உனக்கு மாமனா மச்சானா?"

அவர் போய்விட்டார். துறுதுறு மேஜைக்குப் போனாள். கட்டரைக் கையில் எடுத்தாள். வேலிவரை வந்தாள். தாடையைத் திறந்து கம்பியில் வைத்துக்கூடப் பார்த்தாள். பிறகு திரும்பப் போய் மேஜையில் வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். அப்படி நாலு தடவை நடந்ததாகப் பின்னால் அவளே சொன்னாள். ஷிப்ட் அண்ணன் திரும்பி வந்தபோது கட்டர் மேஜையில் இருந்தது, கம்பியும் வேலியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவாமல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தே அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். முழுக்கக் கேட்டாள்.

"எத்தனை சுத்து?"

"பதிமூணு."

"நுனிய உள்ள மடக்கியிருந்தியா?"

"மடக்கித்தான்கா இருந்துச்சு."

"அப்ப கட்டு நல்ல கட்டுதான்" என்றாள் அக்கா.

துறுதுறுவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகப் போனது. அக்கா கொஞ்ச நேரம் மிதிகட்டையில் சுற்றியிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். "ஒரு துணிய அளவு தப்பா வெட்டிட்டு, உடம்பு பெருத்துடுச்சுன்னு வாடிக்கைக்காரங்க மேல பழி போட்டா அன்னைக்குத் தப்பிக்கலாம். மறுநாள் அதே கத்தரிக்கோலத் தொடணும்ல. நீ சும்மாவே உக்கார மாட்ட. இதையும் தூக்கிட்டு எங்க போய் நடப்ப?"

"வேலையே போயிட்டா?"

"போனா நகலெடுக்கிற கடை இருக்கு. எட்டிப் பாத்தேன், இன்னும் அதே மெஷின்தான்."

திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் துறுதுறு பெரிய சாரை வேலிக்குக் கூட்டிப் போனாள். ஊற்றினாள், திரை முன்னாலிருந்த ஷிப்ட் அண்ணன் சொல்வதைக் கேட்கப் போனை அவர் காதில் வைத்தாள். காயும்வரை வெயிலில் நிற்க வைத்தாள். மறுபடி ஊற்றினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இத யாரு கட்டினது?"

"நான்தான் சார்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஷிப்ட் அண்ணனுக்கு. எங்க அக்காவுக்கு."

"டவர்க்காரனுக்கு?"

"ரிப்போர்ட் போனா தெரியும் சார்."

"நாலு லெட்டர் எழுதியிருக்கேன்" என்றார் பெரிய சார். யாரிடமோ முறையிடுவதுபோல இருந்தது. "நாலு லெட்டர். எங்க வேலியிலதான் பொறந்துச்சு, எங்க ஆளு கட்டின கம்பியிலதான் பொறந்துச்சுன்னு அஞ்சாவது லெட்டர் எழுதச் சொல்றியா? இந்தக் கம்பிய வெட்டிப் போட்டுட்டு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல."

"இருந்திருக்கலாம் சார். முடியல."

அவர் முன்னால் நடந்தார். அறைக்குள் போய் ரெஜிஸ்டரைத் தேடி எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இந்தப் பக்கத்துல என் கையெழுத்து விழாது. நீ கட்டின, நீ கண்டுபிடிச்ச, நீயே போடு. மேலிடத்துல இருந்து என்ன வந்தாலும் நீயே வாங்கிக்க."

துறுதுறு நின்றபடியே எழுதினாள். பழுது: இரண்டாம் டிஷ்ஷில் குறுக்கீடு. இடம்: தெற்கு வேலி, மூலைத் தூண். காரணம்: துருவேறிய கம்பிக் கட்டு, சுற்று பதிமூன்று. வானொலி நிலையத்தின் மேல் தவறு இல்லை. தீர்வு: கட்டை அகற்றி வெல்டிங் செய்ய வேண்டும், கேபிளை வேலியிலிருந்து விலக்க வேண்டும். கட்டியவர் என்று ஒரு பத்தி அந்த ரெஜிஸ்டரில் கிடையாது. ஓரத்தில் அவளே கோடு போட்டு எழுதினாள்: கட்டியவர், கீழே கையொப்பமிடுபவர்.

பிறகு, ஆறு வருஷமாக வேறொருவர் பெயர் விழுந்த கட்டத்தில், தன் முழுப் பெயரையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டாள். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. திங்கட்கிழமை, 2014 ஆகஸ்ட் 4.